காயில் இல்லாத ஆம்பிளிஃபயர்

நான் கேட்ட பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கிய பெட்டி வேறு. வாங்கிவிட்டுப் பழியை என் மேல் போட்டீர்கள்.

எங்கள் கிறிஸ்தவக் கோயிலை நிர்வகிக்கிற பங்குப் பேரவையின் செயலாளருக்குத்தான் இதைச் சொல்கிறேன். எனக்கு அவர் பெரியப்பா முறை. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே உரக்கடை வைத்திருக்கிறார். படிக்கிற எல்லோரும் எங்கள் ஊர்க்காரர்கள் இல்லை என்பதால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீங்களும் படியுங்கள், பெரியப்பா. எங்கே பொய் இருக்கிறது என்று காட்டுங்கள்.

நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் வரும். ஏறியதும் எல்லாப் பெண்களும் துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார்கள். வருஷக்கணக்காக என் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் வீட்டில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் என்னைப் பற்றித் தெரியாது. இறங்கியதும் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

என் வேலை சோதனை மேசையில். ஆம்பிளிஃபயருக்குள் போகிற பவர் சப்ளை போர்டுகள் வரிசையாக வரும். கிளிப்பை மாட்டி, சுவிட்சைப் போட்டு, திரையைப் பார்க்க வேண்டும். திரையில் இரண்டு கோடுகள். ஒன்று வோல்டேஜ், அலை மாதிரி மெதுவாக ஏறி இறங்கும். இன்னொன்று போர்டு இழுக்கிற கரண்ட். போர்டில் பி.எஃப்.சி. பகுதி இருந்தால், அதாவது பவர் ஃபேக்டரைச் சரிசெய்கிற பகுதி இருந்தால், கரண்ட் கோடு வோல்டேஜ் கோட்டோடு ஒட்டிக்கொண்டே போகும். இல்லாவிட்டால் கரண்ட் கோடு தரையோடு படுத்துக் கிடக்கும். வோல்டேஜ் உச்சிக்குப் போகிற அந்த இடத்தில் மட்டும் ஊசி மாதிரி குத்தி எழுந்து, மறுபடி படுத்துக்கொள்ளும். இரண்டு வகை போர்டும் எங்களிடம் உண்டு. பச்சைப் பலகை ஒன்றேதான். பி.எஃப்.சி. உள்ளதில் கை முட்டி அளவுக்கு ஒரு செம்புக் காயில், அதாவது கம்பிச் சுருள், நிற்கும். இல்லாததில் அந்த இடம் மொட்டையாக இருக்கும், ஒரு துண்டுக் கம்பியை வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். மூடிவிட்டால் வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அதே குமிழ்கள், அதே வாட்ஸ்.

அம்மா போன பிறகு வீட்டில் நான் மட்டும். தம்பி பெங்களூரில் குடும்பத்தோடு இருக்கிறான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டுக் கேட்டு ஊர் களைத்துப்போய் இப்போது கேட்பதும் இல்லை. எனக்கு ஊரில் இருந்த ஒரே இடம் கோயிலில் பக்கவாசலை ஒட்டிய மைக் மேசை. பாடல் குழுவுக்குச் சத்தம் வைப்பது, சாமி, அதாவது எங்கள் பாதிரியார், பிரசங்கத்துக்கு நின்றால் மைக்கைத் திறப்பது, எல்லாம் நான்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த மேசைக்குத்தான் ஆள் வரும். "எனக்குக் காது மந்தம், எம்பக்கத்து பாக்ஸக் கொஞ்சம் தூக்கி வுடு கண்ணு" என்று ஒரு கிழவர் வாராவாரம் வருவார். நான் எதையும் தொடமாட்டேன். "வெச்சுட்டேங்க" என்பேன். "ஆங், இப்ப கேக்குது" என்று போய் உட்கார்ந்துகொள்வார். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொள்வேன். வாரத்தில் ஆறு நாள் யாரோடும் பேசாததை ஏழாம் நாள் அங்கே பேசித் தீர்த்துக்கொள்வேன்.

பழைய ஆம்பிளிஃபயர் போய்விட்டது. புதிது வாங்க பேரவை கூடியபோது என்னையும் கூப்பிட்டார்கள். சாமி உட்பட எல்லோரும் இருந்தார்கள். நான் தெளிவாகச் சொன்னேன். எங்கள் ஊரில் மும்முனை கரண்ட் வந்ததும் அத்தனை போர் மோட்டாரும் ஓடத் தொடங்கும், வோல்டேஜ் இறங்கிவிடும். திருவிழாவில் கரண்ட் போனால் கோயிலின் சின்ன ஜெனரேட்டர்தான். ஆகவே வாட்ஸை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், பி.எஃப்.சி. உள்ள பெட்டியைக் கேட்டு வாங்குங்கள் என்றேன்.

"அது இல்லாட்டி என்னா ஆவும்?" என்று நீங்கள்தான் கேட்டீர்கள்.

"பஞ்சாயத்துத் தண்ணி வந்தா எல்லாரும் கொடம் வெச்சுப் புடிக்கிறோம் பெரியப்பா. ஒருத்தர் மட்டும் குழாயில மோட்டார மாட்டி, தண்ணி வேகமா வர்ற நேரம் பாத்து ஒரே உறிஞ்சா உறிஞ்சுனா அடுத்த வூட்டுக்கு என்னா ஆவும்? அந்தப் பெட்டி கரண்ட அப்படித்தான் இழுக்கும். சின்ன ஜெனரேட்டர் தாங்காது."

கூட்டம் சிரித்தது. தெருவில் குழாயில் மோட்டார் வைத்திருப்பது நீங்கள்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

"யாரச் சொல்ற நீ?"

"பெட்டியச் சொல்றேங்க."

சாமிகூடச் சிரித்துவிட்டார். உங்கள் முகம் அப்போதே மாறிவிட்டது. இருந்தாலும் "சரி, பாப்பா சொன்னதையே வாங்கிரலாம்" என்று சொல்லித்தான் எழுந்தீர்கள்.

தர்மபுரிக்குப் போய் நீங்களே வாங்கி வந்தீர்கள். நான் அன்று கம்பெனியில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் பெட்டி அலமாரிக்குள் ஏறிவிட்டது. கேரண்டி ஸ்டிக்கர் கிழிந்தால் மாற்றித் தரமாட்டார்கள், திறக்காதே என்றீர்கள். நான் கேட்டதுதானே என்றேன். "அதேதான், அதேதான்" என்றீர்கள். இரண்டு தடவை சொன்னீர்கள்.

திருவிழா அன்று தேர் புறப்படும் நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போட்டார்கள். விளக்குகள் எரிந்தன, சாமி ஜெபம் சொன்னார், எல்லாம் நன்றாக இருந்தது. பாடல் குழு தொடங்கி டிரம் பேட் சத்தம் விழுந்ததும் விளக்குகள் தாளத்துக்குத் தாளம் மங்கின. ஜெனரேட்டர் முக்கியது. டிரிப் சுவிட்ச் விழுந்து ஒரே இருட்டு. தூக்கிவிட்டோம், மறுபடி விழுந்தது. நான் சத்தத்தைக் குறைக்கக் குறைக்க, முன்வரிசைக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு வந்தது. பின்னால் நின்றவர்கள் சாமி என்ன சொல்கிறார் என்றே தெரியாமல் கதை பேசத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் பெட்டியையே நிறுத்திவிட்டுத் தேரை ஊமையாக இழுத்தோம்.

அப்போது தேர் முன்னால் நின்று நீங்கள் சத்தமாகச் சொன்னது: "எல்லாம் நம்ம கம்பெனிக்காரம்மா சொல்லி வாங்குன பெட்டி! படிச்சவங்க சொன்னா கேட்டுக்கணும்ல!"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். யாரோ சிரித்தார்கள்.

மறுநாள் போர் மோட்டார் பார்க்கிற எலக்ட்ரீசியனைக் கூட்டி வந்தீர்கள். பவர் ஃபேக்டர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவர் பையிலிருந்து மோட்டாருக்குப் போடுகிற கண்டன்சரை எடுத்தார். "இத லைன்ல போட்டா சரியாயிரும். எத்தன மோட்டாருக்குப் போட்டிருக்கேன்."

மோட்டாருக்குப் போடுவது சரிதான். மோட்டாரில் கரண்ட் வோல்டேஜுக்குப் பின்னால் தங்கி வரும், கண்டன்சர் அதைச் சரிக்கட்டும். இந்தப் பெட்டியில் கரண்ட் தங்கவில்லை, ஊசியாகக் குத்துகிறது. கண்டன்சருக்கு அங்கே வேலை இல்லை. அதுவும் சின்ன ஜெனரேட்டரில் போட்டால் வோல்டேஜ் எகிறும் என்றேன்.

"யம்மா, நீ கம்பெனில ஸ்டிக்கர் ஒட்டுற ஆளு. லைன் வேலைய எங்ககிட்ட வுடு" என்றார். நீங்கள் தலையாட்டினீர்கள். போட்டார். ஜெனரேட்டரின் குரல் கீச்சென்று மாறியது. விளக்குகள் பளிச்சென்று எரிந்து இரண்டு அணைந்தேபோயின. அவர் கண்டன்சரைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, பாலக்கோட்டில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

பிறகு ஸ்டிக்கரை நான் கிழித்தேன். நீங்களும், கோயிலைத் திறந்து மூடி எடுபிடி வேலை பார்க்கிற கோயில்பிள்ளையும் பக்கத்தில் நின்றீர்கள். மூடியைத் தூக்கினால் காயில் நிற்க வேண்டிய இடம் மொட்டை. துண்டுக் கம்பி. என் மேசை வழியாகவே வந்த போர்டாகக்கூட இருக்கலாம்.

"எங்கங்க பெரியப்பா காயிலு?"

நீங்கள் சொன்னீர்கள்: "கடைக்காரன் ரெண்டும் ஒண்ணுதான்னான். வாட்ஸும் ஒண்ணு. ஒரு செம்புச் சுருளுக்கு எதுக்கு அவ்ளோ குடுக்கணும்னு வுட்டுட்டேன். போவட்டும் வுடு, மாத்திக்கலாம்."

எனக்கு அது போதும் என்றிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று எனக்குக் கோபமே வரவில்லை. தவறு யாருக்கும் வரும். ஞாயிற்றுக்கிழமை நீங்களே எழுந்து சொல்லிவிடுவீர்கள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அறிவிப்பு நேரத்தில் நீங்கள் எழுந்தீர்கள். "விவரம் தெரியும்னு நம்பி ஒருத்தர் சிபாரிசக் கேட்டு வாங்கினோம். ஏமாந்துட்டோம். இனி வெளி ஆள் யோசனை கேக்கறதா இல்ல" என்றீர்கள். அந்த வார்த்தைகளுக்கு மைக்கைத் திறந்து வைத்திருந்ததும் நான்தான். வெளி ஆள். நான் ஞானஸ்நானம் வாங்கிய கோயில் அது. என் அம்மாவை அந்த வாசலிலிருந்துதான் தூக்கிப் போனோம்.

கோயில்பிள்ளையைப் பார்த்தேன். மெழுகுவர்த்திகளை எண்ணுவது போலக் குனிந்துகொண்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் குடியிருக்கிற வீடு பேரவை கொடுத்தது.

அடுத்த வாரம் மைக் மேசையில் உங்கள் மருமகன் உட்கார்ந்திருந்தார். என்னிடம் யாரும் வராதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நான் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார்கள், தேவைக்கு அதிகமாகவே விட்டார்கள். கமிஷன் வாங்கிக்கொண்டு ஓட்டைப் பெட்டியைக் கோயில் தலையில் கட்டிவிட்டேன் என்று ஒரு பேச்சு இப்போது தக்காளி மண்டி வரை போயிருக்கிறது. காது மந்தமான கிழவர்கூட என்னைப் பார்த்தால் வேறு வாசலால் போகிறார்.

சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் திங்கட்கிழமை மறுபடி ஏறும் வரை நான் வாய் திறப்பதில்லை. டிரைவருக்கு வணக்கம் சொல்லப் போனால் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ரேஷன் கடையில் வரிசை இருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, பெருவிரலை வைங்க என்றாவது ஒருவர் சொல்வார். அது உங்களுக்குப் புரியாது. உங்கள் கடையில் நாள் முழுக்க ஆள்.

சாமி மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு நான் யாரென்றே தெரியாது, அந்தப் பேச்சு மட்டும் தெரியும். அவரிடம் போய்ச் சொன்னேன். "பேரவையில பேசித் தீர்த்துக்கங்கம்மா" என்றார். பேரவை என்றால் நீங்கள். இப்போது மறுபடியும் புதுப் பெட்டி வாங்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். தாராளமாக வாங்குங்கள். எனக்கு மேசை திரும்ப வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. என் வார்த்தை எனக்குத் திரும்ப வேண்டும். தனியாக என் வீட்டுக்கு வந்து, "மனசுல வெச்சுக்காத பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போகிற வேலை வேண்டாம். கதவைத் திறக்கமாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, புது சாமியின் காதிலும் விழும்படி, எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். கூட்டத்தில் நான் எந்தப் பெட்டியைக் கேட்டேன்? கடையில் நீங்கள் எதை வேண்டாம் என்றீர்கள்? மூடியைத் திறந்த அன்று என்னிடமும் கோயில்பிள்ளையிடமும் என்ன சொன்னீர்கள்?