எதிரணியில் அவள்

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. பட்டிமன்றம் என்றால் கணவனை ஓர் அணியிலும் மனைவியை எதிரணியிலும் உட்கார வைப்பார்கள். அடுத்த வீட்டுச் சண்டையை மேடையில் பார்ப்பதில் கொல்கத்தாத் தமிழர்களுக்கு அவ்வளவு ஆசை. போன சித்திரைக் கொண்டாட்டத்தில் ஜோடிக்குப் பஞ்சம் வந்துவிட்டது. பவானிபூரில் ஏழு வருடமாக ஒரே வீட்டில் இருக்கும் 'ரூம்மேட்' இரண்டு பேரை எதிரெதிரே போட்டுவிட்டார் செயலாளர். நானும் அவளும்தான் அது. பட்டியலைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். விஷயம் தெரியாமலே மனிதர் விதிப்படிதான் போட்டிருந்தார்.

தலைப்பும் எங்களுக்கென்றே தைத்த சட்டை போல இருந்தது. ஐ.டி. வேலைக்கு வந்திருக்கும் இளசுகள் அடம்பிடித்து வாங்கிய தலைப்பு: ஒருபால் ஈர்ப்பு உள்ளவர்களுக்கு உண்மையான சமத்துவத்தைத் தருவது பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமா, மக்கள் மனமா? எனக்கு மனம். அவளுக்குச் சட்டம்.

மேடை என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். அந்த வாரம் முழுக்க மெட்ரோவில் உதட்டை அசைத்துக்கொண்டே போனேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் பயந்து இடம் மாறினார்.

ஆனால் வீட்டில் வேறொரு விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் உத்தரவு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. கணவன், மனைவி இருவரும் அரசு வேலை என்றால் கூடியவரை ஒரே ஊரில் வைத்துக்கொள்ள விதி இருக்கிறது. அதைச் சொல்லி, என் பெயரைப் போட்டு விண்ணப்பம் கொடுக்கிறேன் என்றாள். நான் ஒரேயடியாக மறுத்தேன். நானும் அரசு ஊழியைதான். ஒரே நாளில் செய்தி என் மேஜைக்கு வந்து நிற்கும். உன் ஆபீசர் நல்லவர், வாயால் கேட்டுப் பார், காகிதம் வேண்டாம் என்றேன். உள்ளே இருந்தது வெறும் பயம். அதற்கு மக்கள் மனம் என்று கௌரவமாகப் பெயர் வைத்திருந்தேன்.

ஞாயிறு காலை அரங்கு நிரம்பி வழிந்தது. நடுவர் தலைப்பை வாசித்ததும் முன்வரிசையில் ஒரு குடும்பம் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்து போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பேச்சு இன்னும் சூடு பிடித்தது. எனக்குத் தெரிந்த இரண்டு பெண்கள் என்று ஆரம்பித்தேன். அவர்களின் கீழ்வீட்டு பௌதி, நம் ஊர்க் கணக்கில் அண்ணி, இருவர் பிறந்தநாளுக்கும் பாயசம் கொண்டுவந்து தருவதைச் சொன்னேன். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தியைத்தான் விசாரிப்பாள், இதை எந்தச் சட்டம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். கைதட்டல் அள்ளியது. வேலைக்கு ஆளெடுக்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் ஒதுக்கக் கூடாது என்று சட்டம் போடலாம், சிரித்த முகத்தோடு கதவைத் திறக்கச் சட்டம் போட முடியுமா என்று முடித்தேன். ஜெயித்துவிட்டேன் என்று உடம்பெல்லாம் துள்ளியது.

அடுத்து அவள் எழுந்தாள். குறிப்புத் தாள்கூட இல்லை.

"எதிரணித் தோழி சொன்ன ரெண்டு பேர்ல ஒருத்திக்கு இப்ப டிரான்ஸ்ஃபர் வந்திருக்கு" என்றாள். "பாயசம் குடுத்த கையால அதை நிறுத்த முடியலை. அவ ஆபீசர் தங்கமான மனுஷன். பார்த்துக்கலாம்மான்னு சொன்னார். வெள்ளிக்கிழமை அவருக்கே ஆர்டர் வந்திருச்சு. நடுவர் அவர்களே, நல்ல மனசுக்கு டிரான்ஸ்ஃபர் உண்டு. சட்டத்துக்குக் கிடையாது."

அரங்கில் இருந்தவர்களில் பாதிப் பேர் மாற்றலில் வந்தவர்கள். பரீட்சை நேரத்தில் பிள்ளைகளைப் பள்ளி மாற்றியவர்கள், பிரிக்காத பெட்டியோடு வருடக்கணக்கில் வாழ்ந்தவர்கள். கூரை அதிர்ந்தது. நானும் தட்டினேன். எதிரணி என்பதே மறந்துபோய்க் கை வலிக்கத் தட்டினேன். அப்புறம்தான் உறைத்தது: ஆபீசர் போன கதையை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. சொன்னாலும் நான் வேறு ஒரு நல்லவரைத் தேடச் சொல்வேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மறுத்துப் பேச எனக்கு இரண்டு நிமிடம். எழுந்து நின்றேன். ராட்டினத்தில் உச்சிக்குப் போகும்போது வருமே, அந்தக் குதூகலம்.

"அந்த டிரான்ஸ்ஃபர் வந்திருக்கிறது இவளுக்குத்தான்" என்றேன். "இவ என் வீட்டுக்காரி."

பின்னால் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. இரண்டு வரிசை காலியானது. போனவர்களில் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்களும் உண்டு. இன்றும் அது வலிக்கிறது. நடுவர், ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஆர்டர் எந்தத் தேதி போட்டது என்று அவளைக் கேட்டார்.

அவ்வளவுதான். பட்டிமன்றம் பறந்துபோனது. மாற்றல் விஷயத்தில் கரைகண்ட கூட்டம் அது, மேடையை மொய்த்துக்கொண்டது. உரிய வழியாக அனுப்பணும், ஒரு நகலில் முத்திரை வாங்கணும், காரணத்தை எழுத்தில் கேட்கணும் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். நடுவர் மதிப்பெண் தாளைத் திருப்பிப் போட்டுப் பென்சிலால் விண்ணப்பமே எழுத ஆரம்பித்துவிட்டார். அவள் பெயர், பதவி, என் பெயர், என் அலுவலகம் எல்லாம் மளமளவென்று வந்தன. நான் சந்தோஷத்தில் தரையில் நிற்கவில்லை. பார்த்தாயா, இதுதான் மனம் என்று அவள் காதில் சொல்லவும் செய்தேன்.

'உறவு' என்று எழுதிய இடத்தில் பென்சில் நின்றது.

நடுவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் கூட்டத்தைப் பார்த்தோம். தோழி என்றார் ஒருவர். அது விதியில் செல்லாது என்றார் இன்னொருவர். அத்தனை மனசும் எங்கள் பக்கம் நின்றது, அந்த இடத்தை நிரப்ப அதில் ஒருவரிடமும் செல்லுபடியாகும் ஒரு சொல் கிடையாது. நான் தோற்றது அந்த நொடியில்தான்.

பென்சிலைப் பிடுங்கி 'மனைவி' என்று எழுதினேன். மேலிடத்துக்குத் தமிழ் புரியாது என்று சொல்லி, அவள் அதன் பக்கத்திலேயே ஆங்கிலத்திலும் எழுதினாள்.