செருப்புக் கொட்டிலில் தைத்த ஓட்டச் சப்பாத்து

நாங்கள் செருப்புத் தைக்கிறவர்கள். லொறி டயரை அறுத்து அடி, ரியூப்பை வெட்டி வார். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில், விசுவமடுப் பக்கம், ஒரு பாலை மரத்துக்குக் கீழே எங்கள் கொட்டில் இருந்தது. சனம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து நடந்துகொண்டே இருந்த காலம் அது. வவுனியாவிலிருந்து வரும் சாமான்களில் செருப்பு எப்போதாவது வரும். வந்தாலும் விலை கேட்டுவிட்டுத் திரும்பி நடக்க வேண்டும். எங்கள் டயர்ச் செருப்பு அழகில்லை, பாரம், வெயிலில் மணக்கும். ஆனால் இரண்டு மாரி தாங்கும்.

கொட்டில் அக்காவினுடையது. என்னுடைய சொந்த அக்கா இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து எல்லோரும் வெளிக்கிட்ட அந்த மழைக்காலத்தில் கிளாலிக் கடல் தாண்டி வந்தவா. கணவன் வருகிற வழியிலேயே காய்ச்சலில் போய்விட்டார். ஒரு தையல் மெசினை மட்டும் சைக்கிள் கரியரில் கட்டி உருட்டிக்கொண்டு வந்திருந்தா. முதலில் சட்டை தைத்தா. சட்டை தைக்கத் துணி இல்லாமல் போனபோது செருப்புத் தைக்கத் தொடங்கினா. மெசின் ஊசி டயரில் இறங்காது, அதற்குக் குத்தூசி. வார் மடிப்புக்கு மட்டும் மெசின்.

அவாவின் தமையன் ஒருநாள் வந்து கொட்டில் வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை, கதிரையிலும் இருக்கவில்லை.

"எங்கடை குடும்பத்திலை ஆர் செருப்புத் தைச்சது?" என்று கேட்டார்.

"இப்ப நான்," என்றா அக்கா, குத்தூசியை வாயில் பிடித்தபடியே.

அவர் அதற்குப் பிறகு வரவில்லை. அக்காவும் போகவில்லை. அன்றிலிருந்து எனக்கு அவாவைப் பிடித்துப்போனது.

நான் மலையகத்துக் குடும்பம். எனக்கு நினைவு தெரியும் முன்பே, தேயிலைத் தோட்டத்தில் கலவரக்காரர் அடித்துக் கலைக்க, அப்பாவும் அம்மாவும் வன்னிக்கு வந்து கண்டாவளையில் காடு வெட்டிக் குடியேறினவர்கள். பிறகு செல்லடிக்கு அங்கிருந்தும் எழும்பி விசுவமடுவுக்கு வந்தோம். வீட்டில் அம்மாவோடு ஒரு தமிழ் கதைப்பேன், படலை தாண்டினால் வேறொரு தமிழ். இரண்டிலும் ஆட்கள் பிழை பிடிப்பார்கள். கிணற்றடியில், அரிசிக் கியூவில், 'தோட்டக்காட்டாள்' என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், எனக்குக் கேட்கட்டும் என்றே. எனக்கு ஓடத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஓடின ஓட்டங்களில் நான் இரண்டாவதாக வந்த ஓட்டம் எதுவென்று எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாம் வெறுங்காலோடு.

பள்ளிக்கூடம் விட்டு, செருப்புக் கொட்டிலில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஓட்டத்தை விடவில்லை. விடியலில் குளக்கட்டுக்கு ஓடிப்போய்த் திரும்புவேன். அப்போதுதான் பிரதேச விளையாட்டு விழா வைக்கப் போகிறார்கள் என்றும், பெண்களுக்கு மரதன் ஓட்டம் இருக்கிறதென்றும் கேள்விப்பட்டேன். எங்கள் பக்கத்தில் வீதி ஓட்டம் எதுவென்றாலும் மரதன்தான், தூரம் எவ்வளவு என்பது வேறு கதை. இது பள்ளிக்கூட வாசலில் தொடங்கி, கிரவல் றோட்டால் போய், குளக்கட்டு முழுக்க ஓடித் திரும்பி வரும் தூரம்.

கிரவல் றோட்டை வெறுங்காலோடு சமாளிக்கலாம். குளக்கட்டு அப்படியில்லை. உடைமுள்ளும் நெருஞ்சியும், மேலே சுடுகிற கல்லும். பழகும்போதே என் குதிக்காலில் ஒரு முள் முறிந்து, பாதம் வீங்கிவிட்டது. கொட்டிலில் காலை நீட்டி வைத்துக்கொண்டு ஊசியால் முள் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா பார்த்தா.

"உந்தக் காலோடை எப்பிடி ஓடுவாய்?"

"ஓடுவன் அக்கா."

"ஓட்டக்காரர் போடுற சப்பாத்து ஒண்டு வாங்கேலாதோ?"

நான் சிரித்தேன். அப்படியான சப்பாத்தை நான் பார்த்ததே ஒரே ஒருமுறை, ஒரு பெட்டையின் காலில், வெள்ளை நிறத்தில். வெளிநாட்டிலிருந்த மாமன் யாரோ மூலம் அனுப்பியது. தடித்த சப்பாத்தை ஆமிச் சோதனைச்சாவடியில் வரவிடுவதில்லை. அது எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியாது.

அக்கா கையிலிருந்த வாரைக் கீழே வைத்தா. பிறகு எழும்பிப்போய் ஒரு காட்போட் மட்டையைக் கொண்டு வந்து நிலத்தில் போட்டா.

"காலை வை."

"செருப்புத் தைக்கிற நாங்கள் சப்பாத்துத் தைக்கிறதோ?"

"சட்டை தைச்ச நான் செருப்புத் தைக்கேல்லையோ? காலை வையடி."

முதல் சோடியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த வழியில்தான் செய்தோம்: லொறி டயர் அடி, மேலே லொறி மூடுகிற படங்குத் துணி, கட்ட நாடா. போட்டுக்கொண்டு ஓடினேன். ஒவ்வொரு காலிலும் ஒரு செங்கல்லைக் கட்டிவிட்டது போலிருந்தது. குளக்கட்டு வரை போகவில்லை, பெருவிரலும் குதியும் கொப்பளித்துவிட்டன. கையில் தூக்கிக்கொண்டு நடந்து வந்தேன். வீதியில் நின்ற இரண்டு பேர், "டயர் மாத்தப் போறியோ?" என்று கேட்டார்கள்.

அதுதான் எங்களை உசுப்பிவிட்டது. நடக்கிற செருப்புக்குப் பாரம் பிழையில்லை, பாரம் இருந்தால்தான் உழைக்கும். ஓடுகிற காலுக்கு அது ஆகாது. அப்போ லொறி டயர் வேண்டாம். சைக்கிள் டயர்! தேய்ந்த சைக்கிள் டயரை விரித்து, பட்டி பட்டியாக வெட்டிப் பக்கம் பக்கமாக ஒட்டினோம். காலுக்கும் அதற்கும் நடுவில், அறுந்துபோன இறப்பர்ச் செருப்புகளைச் சீவி மெத்தை. ரியூப் ஒட்டுகிற சொலுசனால் ஒட்டினால் வெயிலுக்கு விட்டுவிடும் என்று, மீன்பிடிக்கிற தங்கூசி நூலால் சுற்றிவரக் குத்தித் தைத்தோம். படங்குத் துணி காலை உரஞ்சாமல் இருக்க உள்ளே பழைய சீலைத் துண்டு. அக்காவின் சீலை, ஊதா நிறம், கரையில் சரிகை. "கலியாணச் சீலையோ?" என்று கேட்டேன். "கேள்வி கேக்காமல் பிடி," என்றா.

இரண்டாவது சோடி விரலில் இறுக்கியது. மூன்றாவது குதியில் கழன்றது. நாலாவதைப் போட்டுக்கொண்டு ஓடிப்போய்க் குளக்கட்டில் ஏறினேன். முள் குத்துகிற சத்தம் கேட்டது, குத்து காலுக்கு வரவில்லை. அன்று கட்டின் மறுமுனையில் நின்று யாரும் இல்லாத தண்ணீரைப் பார்த்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது.

அம்மாவுக்குப் பயம்.

"ஏம்புள்ள, நமக்கு எதுக்கு இந்த வம்பு? அவுங்க ஆளுங்க நெறையப் பேரு ஓடுவாங்க. நீ போயி செருப்புத் தைக்கிற வேலயப் பாரு."

"அந்த வேலையத்தாம்மா பாத்துக்கிட்டிருக்கேன்," என்றேன்.

போட்டி நாள் நல்ல வெயில். வடக்கே ஆனையிறவுப் பக்கம் செல் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தூரமென்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தொடங்கும் கோட்டில் பெரும்பாலானோர் வெறுங்கால். வெள்ளைச் சப்பாத்துப் பெட்டை நடுவில் நின்றாள். விளையாட்டுக் குழுத் தலைவர் கோட்டில் நடந்து பார்த்துக்கொண்டு வந்தவர், என் காலடியில் நின்றார். வெள்ளைக் காற்சட்டை போட்ட ஆள், கழுத்தில் விசில்.

"உதென்ன?"

"சப்பாத்து, சேர்."

"எங்கை வாங்கினது?"

"நாங்கள் தைச்சது."

"ஆர் நாங்கள்?" என்றவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நான் யாரென்று அவருக்கு விளங்கிவிட்டது. "ஓ, றோட்டுக்கரைச் செருப்புக் கொட்டிலோ? பிள்ளை, இது ஓட்டப்போட்டி. செருப்பைக் கழட்டிப்போட்டு வா."

"இது செருப்பில்லை, சேர்."

அதற்குள் தொடக்க வெடிக்கு நேரமாகிவிட்டது. அவர் கையை உதறிவிட்டுப் போய்விட்டார். நான் கழற்றவில்லை.

கிரவல் றோட்டில் நான் பின்னுக்குத்தான் ஓடினேன். வெறுங்கால்காரர்கள் நல்ல வேகம். குளக்கட்டில் ஏறியதும் எல்லாம் மாறியது. அவர்கள் கால் வைக்க இடம் பார்த்துப் பார்த்து ஓடினார்கள், நான் பார்க்காமல் ஓடினேன். ஒவ்வொருவராகப் பின்னால் விட்டேன். ஒருத்தி காலில் ஏறின முள்ளோடு நிலத்தில் இருந்துவிட்டாள், அவளைத் தாண்டும்போது மனம் நொந்தது, ஆனால் நிற்கவில்லை. கடைசியில் வெள்ளைச் சப்பாத்து மட்டும் முன்னால். அவளைப் பிடிக்க முடியவில்லை. நல்ல ஓட்டக்காரி, சப்பாத்து இல்லாவிட்டாலும் என்னைவிட நல்ல ஓட்டக்காரிதான். இரண்டாவதாக வந்து விழுந்தேன். அக்கா தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தா. என் முகத்தைப் பார்க்கவில்லை, நேரே காலைப் பிடித்துத் தையலைப் பார்த்தா. ஒரு நூலும் விடவில்லை.

பரிசு சொல்லும்போது இரண்டாம் இடத்துக்கு எனக்குப் பின்னால் வந்தவளின் பெயரைச் சொன்னார்கள். நான் ஒலிபெருக்கி பிழை விட்டுவிட்டது என்று நினைத்தேன். எழும்பிப்போய் மேசையடியில் கேட்டேன்.

"செருப்புப் போட்டு ஓடின ஆக்களைக் கணக்கிலை எடுக்கிறேல்லை," என்றார் தலைவர், என்னைப் பார்க்காமல்.

எனக்கு அழுகை வரவில்லை. காது மட்டும் சுட்டது. ஒரு காலைத் தூக்கி, மேசையில் கிடந்த வெற்றிக் கிண்ணங்களுக்கு நடுவில் வைத்தேன். சப்பாத்தோடு, கிரவல் தூசியோடு.

"செருப்பெண்டால் காலை உதறினால் கழண்டு விழும், சேர். பிடிச்சு உதறுங்கோ. கழண்டால் நான் போறன்."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் வாயைத் திறந்தபடி இருந்தார்கள். பொம்பிளைப்பிள்ளை, அதுவும் நான், காலைத் தூக்கி மேசையில் வைப்பதென்றால் சும்மாவா? அம்மா தூரத்தில் நின்று தலையில் கை வைத்தது தெரிந்தது.

"காலை எடு," என்றார் தலைவர்.

"உதறிப் பாருங்கோ."

"காலை எடு எண்டு சொல்லுறன்!"

யாரும் உதறவில்லை. முடிவும் மாறவில்லை. காலை எடுத்துக்கொண்டு வந்தேன். வரும்போது வெள்ளைச் சப்பாத்துப் பெட்டை கிண்ணத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்து என் கால்களைப் பார்த்தாள். "அடி எதிலை செய்தது?" என்று கேட்டாள். சொன்னேன். "என்ரை சப்பாத்து குளக்கட்டிலை வழுக்கினது," என்றாள். அது போதுமாயிருந்தது. இல்லை, போதாது. ஆனால் கொஞ்சம் ஆறுதல்.

நடந்து போகும்போது அக்கா குனிந்து குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டு வந்தா. கொட்டில் வாசலுக்கு வந்ததும்தான் கேட்டா: "அடுத்த முறை அவர் ஒருத்தியை விலத்தலாம். எல்லாரையும் விலத்துவாரோ?"

எனக்கு அவா சொல்வது உடனே விளங்கவில்லை. அடுத்த நாள் விளங்கியது. ஓட்டத்தில் முள்ளோடு இருந்துவிட்ட பெட்டை தாயோடு கொட்டிலுக்கு வந்து, "அந்தச் சப்பாத்து எனக்கும் தைப்பியளோ?" என்று கேட்டாள். அக்கா என்னைப் பார்த்தா, பிறகு மட்டையை எடுத்து நிலத்தில் போட்டா.

அடுத்த வருடம் போட்டி நடக்கவில்லை. ஆனையிறவில் பெரிய சண்டை. நாங்களும் மெசினைத் தூக்கிக்கொண்டு இன்னும் உள்ளே போய், பிறகு திரும்பி வந்தோம். பதுங்குகுழி வாசலில் இருந்துகூடத் தைத்தோம். ஓட்டச் சப்பாத்துத் தைத்துத் தருகிறோம் என்று போன இடமெல்லாம் சொன்னேன்: பள்ளிக்கூட மைதானம், கிணற்றடி, அரிசிக் கியூ. 'தோட்டக்காட்டாள்' என்று சொன்னவளின் மகளுக்கும் தைத்தேன். அவளுக்குத் தைக்கும்போது குத்தூசியைக் கொஞ்சம் பலமாகத்தான் இறக்கினேன், ஆனால் தையல் சுத்தம். செருப்புத் தைக்கிறவைக்கு ஓட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு வாத்தியார் கேட்டார். "ஓடினால் தெரியும், சேர்," என்று சொல்லி அவரின் மகளுடைய காலையும் மட்டையில் வரைந்தோம்.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு மறுபடி விழா வந்தது. தொடங்கும் கோட்டுக்கு நான் போனபோது பாதிக்கு மேற்பட்ட கால்களில் படங்குத் துணி. பச்சை, மண்ணிறம், ஒன்று நீலத் தறப்பாளில் தைத்தது. அதே தலைவர், அதே விசில். கோட்டின் ஒரு முனையிலிருந்து கீழே பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். என்னிடம் வந்தபோது நின்றார். நானும் அவரை நேரே பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லோரையும் விலத்தினால் ஓடுவதற்கு ஐந்தாறு பேர்தான் மிஞ்சுவார்கள். அதில் அவருடைய தங்கச்சியின் மகள் இல்லை, அவள் எங்கள் சப்பாத்தில் நின்றாள்.

"சரி, சரி," என்றார், யாருக்கென்று இல்லாமல். "கோட்டுக்குப் பின்னாலை நில்லுங்கோ எல்லாரும்."

வெடித்தது. ஓடினோம். எனக்கு அப்போது வயது கொஞ்சம் கூடிவிட்டது, நாள் முழுக்கக் குனிந்து தைக்கிற முதுகு. ஆனாலும் குளக்கட்டில் முன்னால் ஓடினது நான்தான். பின்னால் கால்களின் சத்தம், சைக்கிள் டயர் மண்ணில் பதிகிற அந்த மெத்தென்ற சத்தம், எனக்குப் பழகின சத்தம். ஒருத்தி கிட்ட வந்துவிட்டாள். பள்ளிக்கூடம் படிக்கிற பெட்டை, அவளுடையதைப் போன மாதம்தான் தைத்துக் கொடுத்திருந்தேன்.

"அக்கா, வழி விடுங்கோ!" என்று கத்தினாள்.

விடவில்லை. வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு போ என்று குளக்கட்டின் நடுவிலேயே ஓடினேன். அவளும் விடவில்லை, முள்ளுக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டுதான் போனாள்.