கணக்கில் வராத இருபத்து மூன்று

என் நாத்தனாருக்குப் பொய் சொல்ல வராது. பெண் பார்க்க வந்தவர்களிடமே, தன் முன்பல் இரண்டும் கட்டினது என்று சொன்ன புண்ணியவதி. அந்தச் சம்பந்தம் அதோடு போனது. இருபத்தாறு வருடமாக எங்கள் தீவின் அருங்காட்சியகத்துக்குக் காப்பாளர் அவள்தான். பெருக்குவது, பூட்டுவது, பள்ளிப் பிள்ளைகளை அதட்டுவது எல்லாம் அவளே.

புயல் அந்தக் கட்டடத்தின் கூரையைக் கொண்டுபோனது. படகைக் கட்டிவிட்டு வருகிறேன் என்று போன என் கணவரையும் கொண்டுபோனது. அவளுக்கு ஒரே அண்ணன். அழுது முடிக்கக்கூட நேரமில்லாமல் சேற்றில் இறங்கித் துழாவினாள். இருநூற்றுப் பன்னிரண்டு பொருளில் தொண்ணூற்றெட்டு கிடைத்தது. பதிவேடு கூழாகிவிட்டது.

தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பாதி, அதாவது நூற்றாறு பொருள் இருந்தால் இங்கேயே திரும்பக் கட்டித் தருவார்களாம். குறைந்தால் இருப்பதையும் அக்கரைக்கு எடுத்துப்போய்விடுவார்களாம். எட்டுதான் குறைச்சல். அண்ணன் போன பிறகு அருங்காட்சியகமும் போய்விட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

அதிகாரி வரும் காலை, அவரை அழைக்க அவள் படகுத்துறைக்குப் போன நேரம் பார்த்து, எட்டு வீட்டில் பழைய பொருள் கேட்டேன். எங்கள் ஆட்களுக்கு அளவு தெரியுமா? ஊரே ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. கரி இஸ்திரிப் பெட்டி, தையல் மெஷின் சக்கரம், செத்துப்போன ரேடியோ. ஒருவர் தன் அப்பாவின் பல்செட்டைக் கொண்டுவந்தார், அதை மட்டும் திருப்பி அனுப்பினேன். கடைசியாக, என் கணவர் கழற்றிப் பழுதுபார்த்து வீட்டில் வைத்திருந்த படகு ஹாரனை வைத்தேன். ரப்பர் பந்தை அமுக்கினால் அலறும் பித்தளை ஹாரன். மொத்தம் இருபத்து மூன்று அலமாரி ஏறியது.

அதிகாரியோடு வந்த நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டாள். அலமாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அங்கே தார்ப்பாய்தான் இருந்தது.

“நூத்தி இருபத்தொண்ணு. பரவாயில்லையே!” என்றார் அதிகாரி எண்ணி முடித்து. “எல்லாம் இந்த மியூசியத்துப் பொருள்தான்னு ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. வேலையை ஆரம்பிச்சிடலாம்.”

பேனாவை வாங்கினாள். வாசலில் பாதி ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பேனா முனை தாளில் பட்டது. போடு தாயே, இந்த ஒரு தடவை போட்டுவிடு என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

அந்த மனுஷருக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஹாரனை எடுத்து அமுக்கினார்.

அவள் அண்ணனின் படகு துறைக்குள் நுழைகிறது என்று தினமும் ஊருக்குச் சொன்ன சத்தம். புயலுக்குப் பிறகு யாரும் கேட்காத சத்தம். வாசலில் யாரோ விசும்பினார்கள். நாத்தனார் பேனாவைக் கீழே வைத்தாள்.

“இது எங்க அண்ணனோடது சார். மியூசியத்துது இல்ல. இதோட சேர்த்து இருபத்து மூணு மியூசியக் கணக்குல இல்ல.”

“அப்போ தொண்ணூத்தெட்டுதானா?”

“ஆமா சார்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “அண்ணனை வச்சு நான் பொய் சொல்லணுமா, அண்ணி?”



மறுநாளே தொண்ணூற்றெட்டும் படகேறியது. கணக்கில் இல்லாததை அவர்கள் தொடவில்லை. ஊர் அவள் காதுபடவே திட்டியது. நான் மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

நான்காம் நாள் காலை, ஹாரனை வீட்டுக்கு எடுத்துவரப் போனேன். அருங்காட்சியகக் கதவு திறந்திருந்தது. தரையைப் பெருக்கி, இருபத்து மூன்றையும் துடைத்து வரிசையாக வைத்திருந்தாள். மேசையில் ஒரு புது நோட்டு. முதல் வரியில், ‘1. படகு ஹாரன்.’

“எந்த வருஷம் வாங்குனாரு அண்ணி?”

“ஞாபகமில்ல. குத்துமதிப்பா ஏதாவது போட்டுக்கோ.”

“தெரியாததை எழுத மாட்டேன்.”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்து, எங்கள் கல்யாண வருஷத்திலிருந்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன்.