உப்புத் தண்ணீரில் வேகாத மொச்சை

ஷார்ஜாவில் நான் குடியிருக்கும் கட்டடத்துக்குக் கீழே, காலை ஆறு மணிக்கு, மீசை நரைத்த ஆண்கள் ஆளுக்கொரு பாத்திரத்துடன் வரிசையில் நிற்பார்கள். வந்த புதிதில் பால் வாங்க நிற்கிறார்கள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் பயறு. கழுத்து குறுகி வயிறு பெருத்த ஒரு பானைக்குள் நீளமான கரண்டியை விட்டு, எகிப்துக்காரர் ஒருவர் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். ஃபூல் என்று பெயர். அந்தப் பெயரை வைத்து நீங்கள் அடிக்க நினைக்கும் ஆங்கில ஜோக்கை எங்கள் ரூமில் எல்லாரும் அடித்துத் தீர்த்துவிட்டோம், விட்டுவிடுங்கள். எங்கள் மரக்காணம் பக்கத்தில் பயறு என்றால் சாயங்காலம் பொட்டலத்தில் வரும் சமாச்சாரம். விடிந்ததும் பயறைத் தின்கிறவனைக் குதிரை என்று சொல்லி லாயம் தேடுவோம். இப்போது அந்த வரிசையில் ஐந்தாவது ஆளாக நானும் நிற்கிறேன், கையில் மூடி தொலைந்த டிபன் பாக்ஸோடு.

கம்பெனி மெடிக்கலில் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று சொன்னார்கள். மலையாளி டாக்டர் என் வயிற்றைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார், மறுபடியும் வயிற்றைப் பார்த்தார். பரோட்டாவை விட்டுப் பயறுக்குப் போ என்றார். போனேன். காலையில் ஒரு கிண்ணம் தின்றால் மதியச் சாப்பாடு வரைக்கும் பசி எடுப்பதில்லை. அடுத்த ரிப்போர்ட்டில் கொழுப்பு இறங்கியது. பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போனேன். அந்தப் பெருமையைப் போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டதுதான் வினை. பயறின் நன்மை பற்றியும், ரூமில் அதை எப்படிச் செய்வது என்பது பற்றியும் எழுது பாய், எழுது பாய் என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன். ஆனால் ஊரிலேயே பயறு மிகவும் தேவைப்படுகிற ஆள் என் மனைவி ஷமீமா. அவளுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது. சோற்றைக் குறைத்துப் பயறைக் கூட்டச் சொல்லித் திண்டிவனத்து டாக்டர் மூன்று முறை சொல்லிவிட்டார். மூன்று முறையும் தலையாட்டிவிட்டு வந்தாள், வீட்டில் ஒரு பிடி பயறும் அடுப்பேறவில்லை. அதற்குக் காரணம் நான்தான்.

முதலில் செய்முறை. எங்கள் டைல்ஸ் கிடங்கில் என்னோடு வேலை செய்யும் மஹ்மூத், ஃபூல் கடைக்காரருக்கு உறவுக்காரர். கல் பொறுக்கிக் கழுவிய பயறை இரவே ஊறப்போடுவார். காலையில் அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீர் ஊற்றுவார். இந்த ஒரு காரியத்திலேயே வாயுத் தொல்லை பாதி குறையும், ஒரே ரூமில் ஆறு பேர் படுக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது மருத்துவம் மட்டுமல்ல, நல்லிணக்கமும்கூட. பிறகு சின்னத் தீயில் பல மணி நேரம். விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும். இறக்கியபின் பூண்டு, சீரகத்தூள், உப்பு, மேலே எண்ணெய், கடைசியில் எலுமிச்சம்பழம். எலுமிச்சை ருசிக்கு மட்டுமல்ல, பயறில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும். குக்கர் இருந்தால் நாலைந்து விசிலில் வேலை முடிந்துவிடும். நான் பச்சைமிளகாயும் சின்ன வெங்காயமும் நறுக்கிப் போடுவேன். மஹ்மூத் அதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். ராஜ்மா வாங்குகிறவர்கள் மட்டும் கவனம்: ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று பத்து நிமிடமாவது கொதிக்கவிட்டுப் பிறகு வேகவையுங்கள், அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியில் கொண்டுபோய் விடும். இந்த ஃபூல் பயறு, பிறவியிலேயே ஜி6பிடி என்ற குறை உள்ள சிலருடைய ரத்தத்துக்கு ஆகாது. கிட்னி கோளாறு உள்ளவர்கள் எந்தப் பயறானாலும் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

முதல்முறை மஹ்மூத் பானையைத் திறந்து காட்டியபோது ஒரு பயறை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கினேன். வெண்ணெய் போல வழிந்தது. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன, கெட்டுப்போச்சா?" என்று அரபியும் இந்தியும் கலந்து கேட்டார்.

"இல்லை, வெந்திருக்குது" என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில்.

"அதிகமா வெந்துடுச்சா? உங்க ஊர்ல கடினமாத்தான் தின்பாங்களா?"

ஆமாம், எங்கள் வீட்டில் ஒரு தடவை கடினமாகத்தான் தின்றோம் என்று சொல்ல எனக்கு இந்தி போதவில்லை. அவர் மறுநாளிலிருந்து எனக்கென்று கொஞ்சம் பயறை அரைவேக்காட்டில் தனியே எடுத்துவைக்க ஆரம்பித்தார். அன்புக்காக அதையும் ஒரு வாரம் மென்றேன்.

கல்யாணமாகிப் பதினோராவது நாள். ஷமீமா பெருமுக்கல் பக்கத்துப் பெண். அங்கே மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லையின் ஓரத்தில் மொச்சையும் காராமணியும் தானாக விளைந்து தொலைக்கும், கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். எங்கள் வீடு கூனிமேட்டுக்கும் மரக்காணத்துக்கும் நடுவே. மாடியில் நின்றால் உப்பளம் தெரியும், அடிபம்பை அடித்தால் கொஞ்சம் உப்பளமே குழாய் வழியாக வரும். அதனால் எங்கள் பக்கத்து வீடுகளில் தண்ணீர் இரண்டு. பம்புத் தண்ணீர் துணிக்கும் பாத்திரத்துக்கும். மூடிவைத்த நீல டிரம்மில் லாரியில் வாங்கிய நல்ல தண்ணீர் குடிக்கவும் உலைவைக்கவும். பம்புத் தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்புச் சத்து பயறின் தோலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நாள் முழுக்கக் கொதித்தாலும் உள்ளே வேகாது. எங்களுக்கு இது நடக்கப் பழகும்போதே தெரியும். வெளியூர்ப் பெண்ணுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

அன்று வெள்ளிக்கிழமை. அக்காவும் மச்சானும் விருந்துக்கு வருவதாக ஏற்பாடு. அம்மா விடியற்காலையிலேயே கூனிமேட்டில் ஒரு சாவுக்காக மையத்து வீட்டுக்குப் போய்விட்டார். ஷமீமா தன் அம்மா கொடுத்தனுப்பிய மொச்சையைத் தன் கையால் சமைத்துப் போட ஆசைப்பட்டாள். முந்தின ராத்திரி ஊறவைத்ததும் பம்புத் தண்ணீரில்தான். காலையில் குண்டானைப் பம்படியில் வைத்து அடித்தாள். நான் ஜன்னலோரம் நைலான் கட்டிலில் தூங்குவதுபோல் படுத்திருந்தேன். ஒரு கண் திறந்திருந்தது. அவள் அடிப்பதைப் பார்த்தேன். நிறைந்த குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்தேன். "ஷமீ, அது வேணாம், டிரம்முல மொண்டுக்கோ" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. மத்தியானம் நல்ல வேடிக்கை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தேன்.

வேடிக்கை நன்றாகவே நடந்தது. அடுப்பில் நாலு மணி நேரம் கிடந்த மொச்சை தட்டில் விழுந்தபோது டக்கென்று சத்தம் கேட்டது. மச்சான் ஒன்றைக் கடித்துவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இது எந்தக் கொல்லையில வெளஞ்ச கூழாங்கல்லு?"

"கொறை சொல்லாதீங்க மச்சான்" என்றேன் நான். "பாண்டிச்சேரி பல்லு டாக்டர்கிட்ட மாமியார் வீட்ல கமிஷன் பேசி வச்சிருக்காங்க."

என் தகப்பனார், அத்தா, புரையேறச் சிரித்தார். அக்கா முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ஷமீமாவும் சிரித்தாள், புதுப்பெண் வேறென்ன செய்வாள். அன்று அவளுக்குக் கூழாங்கல்லு என்று பெயர் விழுந்தது. பல வருடம் பெருநாளுக்குப் பெருநாள் மச்சான் எங்கள் வாசலில் கால் வைத்ததும் தாடையைப் பிடித்துக்கொள்வார். அந்த ஜோக் ஆறிவிடாமல் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவன் நான்.

ஒரு மாதத்தில் அம்மா சொல்லித் தண்ணீர் விஷயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் அவள் தன் அம்மாவிடம், பழைய மொச்சையைக் கொடுத்து என் மானத்தை வாங்கிட்ட என்று போனில் கத்தியிருந்தாள். அதன்பிறகு பெருமுக்கலிலிருந்து பயறு வரவே இல்லை. மாமி, அதான் ஷமீமாவின் அம்மா, வரும்போதெல்லாம் பழமும் பிஸ்கட்டும் வாங்கிவருவார், கடையில் வாங்கியதை யாரும் குறை சொல்ல முடியாது அல்லவா. ஷமீமாவும் எங்கள் வீட்டில் மறுபடி பயறு வேகவைக்கவில்லை. கருவாட்டுக் குழம்பில்கூட மொச்சை போடமாட்டாள். மாமி மூன்று வருடத்துக்கு முன் மவுத்தாகி அடக்கமாகிவிட்டார்.

எனக்குக் கொழுப்பு இறங்கிய ஜோரில் தினம் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தேன். பயறு தின்றால் சர்க்கரை ஒரேயடியாக ஏறாது, மெதுவாகத்தான் ரத்தத்தில் கலக்கும், அதில் இருக்கிற நார் குடலுக்கு நல்லது, கறி மீன் இல்லாத நாளில் உடம்புக்குப் புரதம் அதுதான், முதலில் இரண்டு கரண்டியில் ஆரம்பித்துப் போகப்போகக் கூட்டு என்று மேடைப் பேச்சு. ஒரு நாள் அவளே கூப்பிட்டாள்.

"உங்க பயான் எல்லாம் கேட்டேன். கடையில சுண்டல் வாங்கித் தின்னுக்கிறேன், போதுமா?"

"கடை சுண்டல்ல எண்ணெய்தான் இருக்குது. வீட்ல வேக வச்சா என்ன?"

"எனக்குத்தான் பயறு வேக வைக்கத் தெரியாதே. உங்க வீட்டுச் செவுத்தக் கேளுங்க, அதுவே சொல்லும்."

அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னைச் சுட்டது. கிடங்கில் டைல்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டேன். அன்று நான் தூங்கவில்லை, ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன், தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று.

போனில் கேட்டுக்கொண்டிருந்த மிக்சியை அவள் நிறுத்தினாள்.

"தண்ணி விஷயம் தெரிஞ்சப்புறம் எங்கம்மாகிட்ட சொன்னேங்க. அது என்ன கேட்டுச்சு தெரியுமா? அந்த வீட்ல ஒருத்தர்கூடவா உங்கிட்ட சொல்லலன்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"அப்போ வீட்ல யாரும் முழிச்சிருக்கலம்மான்னு சொன்னேன். அது நம்பல. கடைசி வரைக்கும் தன்னோட மொச்சைமேலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டே போயிடுச்சு."

சமாதானமாக ஏதோ ஒரு வேடிக்கைப் பேச்சு நாக்கு நுனி வரை வந்தது. அல்லாஹ் காப்பாற்றினான், இருமல் வந்துவிட்டது.

"எங்கிட்ட மட்டும் சொல்லி என்னங்க ஆகும்?" என்றாள். "யாரெல்லாம் சிரிச்சாங்களோ அவங்க முன்னாடி சொல்லுங்க. வர்ற வெள்ளிக்கிழமை உங்க அக்காவும் மச்சானும் வர்றாங்க. நான் மொச்சை வேக வைக்கிறேன். நீங்க போன்ல வாங்க."

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து ரூமுக்கு வந்து வீடியோ போட்டேன். போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்துவைத்திருந்தார்கள். எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டைச் சுற்றி அக்கா, மச்சான், அம்மா. அத்தா இல்லை, அவர் போய் ரொம்ப நாளாகிறது. ஷமீமா பரிமாறிக்கொண்டிருந்தாள். கேன் தண்ணீரில் ஊறி, கேன் தண்ணீரில் வெந்த மொச்சை. நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். கட்டில், ஜன்னல், ஒரு கண், குண்டான்.

மச்சான் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "டேய், பலே கில்லாடிடா நீ! பாத்துக்கிட்டே படுத்திருந்தியா? இத்தன வருஷமா அமுக்கி வச்சிருக்கியே!"

"சிரிக்கிறதுக்குச் சொல்லல மச்சான். நான் செஞ்சது பாவம்."

"பாவமாம்! மூஞ்சிய வச்சிக்கிறதப் பாரு" என்று அக்காவும் சிரித்தாள். அம்மா மட்டும் சிரிக்காமல் ஷமீமாவைப் பார்த்தார். நான் மறுபடி ஆரம்பித்தேன். எனக்கே தெரிந்தது, என் குரலும் முகமும் ஆயுசு முழுக்க ஒரே வேலைக்குப் பழகியவை, எதைச் சொன்னாலும் அடுத்த வரியில் வேடிக்கை வரும் என்றுதான் அவர்கள் காத்திருப்பார்கள். மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு முகம் இல்லை.

ஷமீமா கரண்டியை வைத்துவிட்டு மச்சான் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அவர் பேசுறது இருக்கட்டும். வெந்திருக்குதா பாருங்க."

மச்சான் ஒரு பிடி எடுத்து மென்றார். சிரிப்பு அப்படியே அடங்கியது. "பஞ்சு மாதிரி இருக்குதும்மா" என்றார். பிறகு, "எங்கம்மா கையில சாப்பிட்ட மாதிரி இருக்குது" என்றார்.

"எங்கம்மா ஊரு மொச்சை. பெருமுக்கல்ல இருக்கிற என் கூடப்பொறந்த அண்ணன் பொண்டாட்டிகிட்ட சொல்லி வரவழைச்சேன்" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். சோற்றை ஓரமாகத் தள்ளி, மொச்சையை நடுவில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். போன் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. டாக்டர் மூன்று முறை சொல்லியும் நடக்காதது நடந்துகொண்டிருந்தது, அது எனக்காக அல்ல என்பது இவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது.

திரையில் என் வீடு பெரிதாக இருந்தது. நான் மூலையில் ஒரு தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள் இருந்தேன், சரியாக அவள் முகத்தின்மேல். பெருவிரலை வைத்து என்னை நகர்த்தினேன். அம்மா மறைந்தார். இன்னும் கொஞ்சம் தள்ளினேன், சஹன் மறைந்தது. கீழே இறக்கினேன், அக்காவின் கை மறைந்தது. அவர்கள் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் யாரையும் மறைக்காத ஓர் இடத்தைத் தேடி என்னை அந்த வீட்டுக்குள் நகர்த்திக்கொண்டே இருந்தேன்.