குதிக்கிற பாய்

என் தங்கைக்குக் காது கேட்காது என்பது வீட்டில் யாருக்கும் தெரியாமலே கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஓடியிருக்கிறது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் உப்பளம் பேட்டையில் அந்த மாடி வீட்டில்தான் இருந்தோம், ஒரே சட்டிச் சோற்றைத்தான் தின்றோம். அவளுக்காவது தெரிந்திருக்குமே என்பீர்கள். அவளுக்கும் தெரியாது. ஏழு வயதுப் பிள்ளைக்கு உலகத்தின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போனால், உலகம் இப்படித்தான் போலிருக்கிறது என்று அதுபாட்டுக்கு இருந்துவிடும்.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் ஓர் அழுத்தக்காரி என்பதுதான். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பள்ளிக்கூடத்தில் கவனமே இல்லை என்று டீச்சர் சொல்லியனுப்பினார். அத்தா, எங்கள் அப்பா, கேட்டால் மட்டும் டாண் டாணென்று பதில் வரும். அத்தா எங்கள் ஊரிலேயே இருக்கும் மேட்டுப்பாளையத்தில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தார். நாள் முழுக்க மிஷின் இரைச்சல். அதனால் யாரிடம் பேசினாலும் எதிரே போய் நின்று, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசுவது அவருக்குப் பழகிப்போயிருந்தது. அத்தாவுக்கு மட்டும் பதில் சொல்கிறாளே, எல்லாம் அவர் கொடுக்கிற செல்லம் என்று அம்மா குறைபட்டுக்கொள்வார்.

ஒருநாள் அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு, தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்து, துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனார். மேலிருந்து அடுப்பை அணைக்கச் சொல்லிக் கத்தினார், மறுபடி கத்தினார். தெருவில் போன சைக்கிள்காரர் கூட அண்ணாந்து பார்த்தார். தங்கை அடுப்புக்கு முதுகு காட்டிக்கொண்டு சுவரில் பென்சிலால் பூனை வரைந்துகொண்டிருந்தாள். பால் பொங்கி மேடையெல்லாம் ஓடியது. அம்மா இறங்கி வந்த வேகத்தில் கன்னத்தில் ஒன்று விட்டார்.

"கூப்புடுறது காதுல விழல?"

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். "விழலம்மா" என்றாள்.

அதற்கு இன்னோர் அறை விழுந்தது. வாய்க்கு வாய் பேசுகிறாளாம். நானாக இருந்தால் இதோ அணைச்சிட்டேன் என்று ஒரு பொய்யையாவது சொல்லித் தப்பித்திருப்பேன், இதற்குப் பிழைக்கவே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது பத்து வயது. பிழைக்கத் தெரிந்தவள் என்று என்மேல் எனக்கே நல்ல அபிப்பிராயம்.

அந்த வருஷம்தான் மாமா அந்தப் பாயைக் கொண்டுவந்தார். அம்மாவின் தம்பி. பிரான்சில் இருக்கிறார். லீவு என்று சொல்ல அவருக்கு வாய் வராது, "வக்கான்ஸுக்கு வந்திருக்கேன்" என்பார். கிளம்பு, ஓடு, சீக்கிரம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்: "அலே, அலே." சாக்லேட்டும் சென்ட்டும் கொண்டுவருகிறவர் அந்தத் தடவை பெட்டியின் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து உதறினார். அதில் நாலு பக்கமும் நாலு அம்புக்குறி, நாலு நிறம். ஒயரை டிவியில் செருகினால் பாட்டு வரும். பாட்டோடு சேர்ந்து திரையில் அம்புகள் கீழேயிருந்து மேலே ஏறும். அம்பு உச்சியிலிருக்கும் கோட்டைத் தொடுகிற கணத்தில், விரிப்பில் அதே அம்பை மிதிக்க வேண்டும். மிதித்தால் மார்க், தவறினால் டிவி உச்சுக்கொட்டும். டான்ஸ் மேட் என்று மாமா சொன்னார். அம்மா அதைக் குதிக்கிற பாய் என்றுதான் கடைசிவரை சொன்னார். தொழுகிற பாய் இருக்கும் அலமாரிப் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது என்று முதல் நாளே உத்தரவு.

கீழ்வீட்டுக்காரர்களின் ஃபேன் ஆடுகிறது என்று புகார் வரும்வரை ஆடினோம். நான் பாட்டைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறவள். தாளம் காலுக்கு வந்துவிட்டால் அம்பைப் பார்க்கக்கூட வேண்டாம், இடுப்பு தானாகத் திரும்பும். தங்கை அப்படியில்லை. இடுப்பும் அசையாது, தோளும் அசையாது. கண்ணைத் திரையில் குத்தி வைத்துக்கொண்டு மிதிப்பாள், அவ்வளவுதான். அது ஆட்டமே இல்லை, சேறு மிதிக்கிற மாதிரி இருக்கிறது என்று மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். மாமா மார்க்கைக் காட்டினார். அவளுக்குத்தான் அதிகம்.

பாங்கு சொல்லும்போது டிவி சத்தத்தை நிறுத்திவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்ததுமே அம்மா சமையலறையில் முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டு, "சத்தம்" என்று ஒரே ஒரு சொல் சொல்வார். சத்தத்தைத்தானே நிறுத்தச் சொன்னார்கள், ஆட்டத்தை இல்லையே என்று நான் ஒரு சட்டம் கண்டுபிடித்தேன். இந்த மூளையைப் படிப்பில் காட்டியிருந்தால் எங்கேயோ போயிருப்பேன். பாங்கு முடிகிறவரை திரையில் அம்புகள் ஊமையாக ஏறிக்கொண்டிருக்கும், நாங்கள் மிதித்துக்கொண்டிருப்போம்.

அதில்தான் எனக்கு ஆத்திரம். சத்தம் நின்ற மறுகணமே எனக்குக் கால் பின்னிக்கொள்ளும், எதை எப்போது மிதிப்பதென்று தெரியாது. அவளோ ஒன்றுமே நடக்காததுபோல மிதித்துக்கொண்டிருப்பாள், ஓர் அம்பு தவறாது. ஏதோ தில்லுமுல்லு செய்கிறாள் என்று நினைத்தேன். முணுமுணுக்கிறாளா என்று வாயருகில் காதை வைத்துப் பார்த்தேன், இல்லை. கடைசியில் முகத்துக்கு நேரே நின்று, பாட்டே இல்லாமல் எப்படிடி ஆடுகிறாய் என்று கேட்டேன்.

"பாட்டுதான் அங்க போவுதே, பாக்கல?" என்று திரையில் ஏறுகிற அம்புகளைக் காட்டினாள்.

கொழுப்பைப் பார் என்று நினைத்துக்கொண்டேன். ஊமை ஆட்டத்திலும் அவள்தான் கெட்டிக்காரி என்று மாமா வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெருநாளைக்கு மாலுக்குக் கூட்டிக்கொண்டுபோய் நிஜமான மிஷினில் ஏற்றிவிடுகிறேன், அங்கே பார்க்கலாம் என்றார். எனக்கும் சம்மதம்தான். அங்கே பாங்குக்குச் சத்தம் குறைக்க யாரும் இல்லை. பாட்டு இருந்தால் என்னை அவள் எங்கே ஜெயிப்பது?

பெருநாளன்று சாப்பாடு முடிந்து, அத்தா வந்தவர்களைக் கவனிக்க வீட்டிலிருந்துவிட, மாமாவும் அம்மாவும் நாங்களும் போனோம். மாலின் மேல்மாடியில் விளையாட்டுக்கூடம். உள்ளே நுழைந்ததும் காது அடைத்துக்கொள்ளும். கார் ஓட்டுகிற மிஷின், சுடுகிற மிஷின், பந்து எறிகிற மிஷின், எல்லாம் ஒன்றாகக் கத்தும். டான்ஸ் மிஷின் பீரோ உயரத்துக்கு நின்றது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஆடலாம். மிதிக்கிற தட்டுகளில் விளக்கு, பின்னால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. ஸ்பீக்கர் அதிர்வது நெஞ்சில் இடித்தது.

முதல் ஆட்டத்தில் அவள் ஜெயித்தாள். சின்னப் பெண், பட்டுப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதிப்பதைப் பார்க்கக் காலேஜ் பையன்கள் கூடிவிட்டார்கள். நான் அதே பாட்டையே மறுபடியும் போடச் சொன்னேன். இப்போது தாளம் எனக்கு வந்துவிட்டிருந்தது. பாதிப் பாட்டில் சட்டென்று திரை கறுத்துப்போனது. படம் மட்டும்தான் போனது. பாட்டு முன்னைவிட வேகமாக அதிர்ந்துகொண்டிருந்தது. நான் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டே ஆடினேன். ஒவ்வொரு மிதியும் பாட்டில் போய்ச் சரியாக விழுவது எனக்குத் தெரிந்தது. கூட்டம் கைதட்டியது. என் வாழ்நாளில் நான் அப்படி ஆடியதில்லை.

கண்ணைத் திறந்தபோது தங்கை தட்டிலிருந்து இறங்கி நின்று என்னை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரைச்சலையும் தாண்டிக் கேட்கிற மாதிரி, உரத்த குரலில் கேட்டாள்.

"பாட்டுதான் நின்னுபோச்சேக்கா, இன்னும் ஏன் குதிக்கிற?"

பையன்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துவிட்டு, மிஷினைப் பார்க்கச் சொல்லி ஆளைக் கூப்பிடப் போனார். அம்மா சிரிக்கவில்லை. தங்கைக்குப் பின்னால் வந்து நின்று, பாப்பா என்று கூப்பிட்டார். தள்ளி நின்ற எனக்கு அது கேட்டது. இன்னொரு தடவை கூப்பிட்டார். பிறகு தோளைப் பிடித்துத் திருப்பி, குனிந்து, என்னடி சொன்ன என்று கேட்டார். பாட்டு முடிஞ்சிடுச்சும்மா என்று அவள் சிரித்த முகமாகச் சொன்னாள். ஸ்பீக்கர் அதிர்ந்துகொண்டேதான் இருந்தது.

அத்தோடு வீட்டுக்குக் கிளம்பியாயிற்று. ஐஸ்கிரீம் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆட்டோவில் அம்மா அவளை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஆடியவள் நான், மடி அவளுக்கா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் தங்கை வரைய உட்கார்ந்தாள். அம்மா அவளுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கீழே போட்டார். நான் துள்ளித் திரும்பினேன். ஓடிப்போய் எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தேன். அம்மா மறுபடி போட்டார். மறுபடி எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவதாக அண்டா மூடி விழுந்தது. கீழ்வீட்டிலிருந்து என்ன சத்தம் என்று கேட்டார்கள். தங்கை தலை நிமிராமல் பூனைக்கு மீசை வரைந்துகொண்டிருந்தாள். அம்மாவுக்கு என்ன கை நடுக்கம், பெருநாள் சமையலில் அலுத்துவிட்டார் போல என்று நினைத்து, போய்ப் படுங்கம்மா என்று சொன்னேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அத்தாவும் அம்மாவும் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போன வருஷம் வந்த காய்ச்சலால் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்லி ஜாடை காட்டினார்களாம். திரும்பி வந்து அம்மா சமையலறையில் மாமாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"உள்ள சத்தம் வச்சிக்கினே இருக்காங்கடா. இது கைய மடியில வச்சிக்கினு என்னையே பாத்து சிரிக்குது. எப்பம்மா ஆரம்பிப்பாங்கன்னு கேக்குது."

அதற்குப் பிறகு அந்த அறைக்குத் தன்னால் வர முடியாது என்று அம்மா சொல்லிவிட்டார். காதுக்கு மிஷின் அளவெடுக்க அத்தாவும் மாமாவும்தான் அவளை அழைத்துப்போனார்கள். எனக்கு லீவு. கதவைச் சாத்திவிட்டு வந்த அம்மா, பரண்மேலிருந்து குதிக்கிற பாயை எடுத்து, தானே விரித்தார். ஒயரை மட்டும் என்னைச் செருகச் சொன்னார். எனக்கு ஒரே சந்தோஷம். அதுவரை அந்தப் பாயில் அம்மாவின் கால் பட்டதில்லை. பாட்டு ஆரம்பித்ததும் அம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடியோடு நிறுத்தினார். முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டு, பாயின் நடுவில் போய் நின்றார்.

பாங்கு போலிருக்கிறது என்று ஜன்னலுக்கு ஓடிப்போய்க் காதைக் கொடுத்தேன். பாங்கு இல்லை. தெருமுனையில் மீன்காரம்மாவின் குரல்தான் கேட்டது.

"பாங்கு இல்லம்மா. சத்தம் வக்கட்டா?"

"வேணாம். இப்படியே இருக்கட்டும்."

அம்புகள் ஏறின. அம்மா எதை மிதிப்பதென்று தெரியாமல் நின்றார். ஒரு காலை எடுத்து வைப்பதற்குள் அம்பு போய்விடும். நான் பக்கத்தில் நின்று இடது, வலது, மேலே என்று கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தேன். அம்மா கையால் என் வாயைப் பொத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். மறுபடியும் தவறியது. மறுபடியும் போடச் சொன்னார். கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. துடைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டு மிதித்தார். ஒரு விளையாட்டுக்குப் போய் யாராவது அழுவார்களா? பார்க்கப் பாவமாக இருந்தது.

"விடுங்கம்மா, மொதல்ல எனக்கும் வரல" என்று ஆறுதல் சொன்னேன். "சின்னவளுக்குத்தான் இது சுலபம்."

அம்மா அப்படியே அந்தப் பாயில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் அத்தா வந்ததும் ஓடிப்போய், அம்மா ஆடின கதையைச் சொல்லிச் சிரித்தேன், ஓர் அம்பைக்கூட மிதிக்கத் தெரியவில்லை என்றேன். அத்தா சிரிக்கவில்லை. என் எதிரே வந்து குந்தி உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"இனிமே இந்த ஊட்ல எல்லாரும் அவ மொகத்துக்கு நேரா வந்து நின்னுதான் பேசணும்."

சரி அத்தா என்றேன். அம்மாவுக்கு ஆட்டம் வரவில்லை என்று நான் சொன்னதற்கு இது என்ன பதில் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.