சாயர்புரத்துக்குப் போன இரண்டு பச்சை வளையல்கள்

காலை ஏழு மணிக்குத் தூத்துக்குடி ரயில் நிலையத்தில் இறங்கினேன். தோள்பையில், ஜேட் என்னும் பச்சைக்கல்லில் செய்த, பஞ்சில் பொதிந்த இரண்டு வளையல்கள். கூரியரில் அனுப்ப மனம் வரவில்லை.

சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில், கற்களில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று பார்ப்பது என் வேலை. வளையல்களை அனுப்பியவர் சாயர்புரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ரூபி. பர்மாவில் மர ஆலையில் வேலை பார்த்த அவருடைய அப்பா, இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கொன்று கொண்டுவந்தாராம். ரூபிக்குக் கரும்பச்சை, தங்கை எஸ்தருக்கு வெளிறிய பச்சை. வெளிறியது கண்ணாடி என்று பிற்பாடு யாரோ ஒரு நகைக்கடைக்காரர் சொல்லிவிட்டார். நல்லதை அக்கா எடுத்துக்கொண்டாள் என்று எஸ்தர் வளையலை அக்கா வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனவர்தான். இருபது வருடமாகப் பேச்சில்லை.

“நான் சொன்னா நம்ப மாட்டா சார். நீங்க சொல்லுங்க” என்று ரூபி போனில் கேட்டிருந்தார்.

எட்டரை மணி. பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் எஸ்தர் இருக்கும் தெருவுக்கு ஆட்டோவில் எண்பது ரூபாய். “டெய்லர் அக்கா வீடா? அந்தா அங்கன, நீல கேட்டு” என்று ஓட்டுநர் இறக்கிவிட்டார்.

எஸ்தர் தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் இறுகியது.

“அக்கா அனுப்பினாளா? எனக்கு ஒண்ணும் வேண்டாம் சார்.”

“அப்பா கொடுத்ததைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்” என்றேன்.

நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்து, சோதனை செய்த விதத்தைச் சொன்னேன். லேசர் ஒளியால் கல்லில் மயிரிழை அகலத்துக்கு ஒரு குழி. அதிலிருந்து கிளம்பும் தூசியை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் கருவி அணு அணுவாகப் பிரித்து, எடைவாரியாக எண்ணிச் சொல்லும். இரண்டு வளையல்களிலும் சோடியம், அலுமினியம், சிலிக்கான் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. கண்ணாடியில் அலுமினியம் இவ்வளவு இராது. இரண்டுமே அசல் ஜேட்.

“அப்ப நிறம்?”

“குரோமியம். கரும்பச்சையில் கொஞ்சம் கூடுதல், உங்களுடையதில் மிகக் குறைவு. ஒரே கல்லிலேயே அப்படி இருக்கும். மிகச் சிறிய அளவில் இருக்கும் மற்ற தனிமங்களும் ஒத்துப்போகின்றன. ஒரே கல் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரே இடத்துக் கல்லாகத்தான் தெரிகிறது.”

எஸ்தர் வளையலை வாங்கி வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

“அப்பாவயும் சேத்துல்லா சார் சந்தேகப்பட்டுட்டேன்” என்றார். பிறகு மிஷினை மூடினார். “சாயர்புரத்துக்கா போறீங்க? இருங்க, நானும் வாரேன்.”

பதினொரு மணிப் பேருந்து. இருபது கிலோமீட்டர் இருக்கும். உப்பளம் முடிந்து பனை, பனை முடிந்து வாழை.

கதவைத் திறந்த ரூபி தங்கையைக் கண்டதும் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏளா, நீயா?”

எஸ்தர் வளையலையும் கையையும் சேர்த்து நீட்டினார். கை பெருத்துவிட்டது, வளையல் ஏறவில்லை. ரூபி தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து, விரல் விரலாகத் தடவி, ஏற்றிவிட்டார். இருவர் கண்ணிலும் நீர். எனக்கு மீன்குழம்புச் சோறு கிடைத்தது.

மூன்று மணிக்கு இருவரும் பேருந்து நிறுத்தம்வரை வந்தார்கள். வழக்கமாக ஆய்வுக்கூடத்தில் அறிக்கையில் கையெழுத்துப் போட்டதோடு என் வேலை முடிந்துவிடும். கல்லுக்கு உரியவர்களை இதுவரை பார்த்ததே இல்லை. பார்க்க வைத்த அந்த இருவருக்கும் மனதுக்குள் நன்றி சொல்லி, ஜன்னல் வழியாகக் கையசைத்தேன். அக்காவும் தங்கையும் கவனிக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தார்கள்.