வைகை கேரம் மன்றத்துக்கு வந்த ஏழு பேர்

துபாய் சோனாப்பூரில் அந்தத் தொழிலாளர் கேம்ப்பின் வாசலில் நின்று வீரபாண்டி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கேரம் செயலாளர் என்று கேட்டால் வாட்ச்மேன் தலையைத் தூக்காமலே இரண்டாவது மாடியைக் காட்டுவார்.

வயது ஐம்பத்தொன்று. ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். துபாய்க்கு வந்து இருபத்திரண்டு வருடம், அத்தனை வருடமும் சாரம் கட்டும் வேலை. நாற்பதாவது மாடி உயரத்தில் கம்பி மேல் நின்றபடி டீ குடிப்பவர். ஆனால் வெள்ளிக்கிழமை மூன்றரை மணி ஆகிவிட்டால் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளாது. நாலு மணிக்கு ஆள் வருவார்களா?

மன்றம் என்பது 214-ஆம் நம்பர் ரூம். நாலு கேரம் போர்டு, ஒரு டப்பா பவுடர், சுவரில் 'வைகை கேரம் மன்றம்' என்று அவர் கையாலேயே பெயின்டில் எழுதிய எழுத்து. ஒரு காலத்தில் வாசலில் செருப்பு விட இடம் கிடைக்காது. தோற்றவன் எழுந்தால்தான் அடுத்தவன் உட்கார முடியும். யார் ஊருக்குப் போகிறார்கள், யாரிடம் அம்மாவுக்குத் தைலம் கொடுத்தனுப்பலாம், எந்த சைட்டில் போர்மேன் நல்லவர் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும்.

பிறகு போன் வந்தது. அவரவர் கட்டிலிலேயே குடும்பம், சினிமா, விளையாட்டு எல்லாம் கிடைத்துவிட்டன. அதையாவது வீரபாண்டி சமாளித்தார். சில கம்பெனிகள் விடுமுறையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியதைத்தான் அவரால் சமாளிக்க முடியவில்லை. பாதிப் பேருக்கு வெள்ளி லீவு, பாதிப் பேருக்கு ஞாயிறு. ஒருவன் ஆட வரும்போது இன்னொருவன் டூட்டியில் இருந்தான்.

போன மாதம், கேம்ப்பை நிர்வகிக்கும் 'கேம்ப் பாஸ்' காதர் மைதீன் கூப்பிட்டுச் சொன்னார்.

"புது ஆளுங்க வர்றாங்க செயலாளரே. உம்ம ரூம்ல எட்டுக் கட்டில் போடச் சொல்லி ஆபீஸ்ல உத்தரவு."

"பாய், அது மன்றம்."

"மன்றம்னா ஆள் இருக்கணுமேய்யா. வர்ற வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து பார்க்கேன். இருபத்தஞ்சு தலை இருந்தா ஆபீஸ்ல நானே பேசுறேன். இல்லைன்னா கலாஸ், ரூம் போச்சு."

வீரபாண்டி அன்றே மன்றத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினார்: 'அவசரம். வெள்ளி நாலு மணிக்குப் போட்டி. வருபவர்கள் கட்டை விரல் போடவும்.' மறுநாள் விடிவதற்குள் அறுபத்து மூன்று கட்டை விரல். எல்லாம் துபாய் நம்பர். கேன்டீனில் அறுபது பேருக்கு டீ சொல்லிவிட்டார். பிளம்பர் பன்னீர்செல்வத்தைக் கூப்பிட்டு நாலு போர்டையும் துடைக்க வைத்தார். "இடம் பத்தாதே, வராந்தாவுல பாய் போடணுமே" என்பதுதான் அவருடைய கவலை.

வெள்ளிக்கிழமை நாலு மணி. ஏழு பேர் இருந்தார்கள், அவரையும் சேர்த்து.

நாலேகாலுக்கு அவரே பரபரவென்று ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டார். முதலில் எடுத்தவர் கார்மேகம், பழைய இரட்டையர் சாம்பியன்.

"எங்கப்பா இருக்க?"

"பரமக்குடில இருக்கேண்ணே. வயல்ல தண்ணி பாய்ச்சிட்டு இருக்கேன்."

"லீவுல போனவன் வந்துருப்பன்னு நெனச்சேனே!"

"வரலைண்ணே. ரெண்டு வருஷமாச்சு. இங்கேயே இருந்துட்டேன்."

"அப்புறம் எதுக்குடா கட்டை விரலைப் போட்ட?"

"நீங்க வெள்ளிக்கிழமைன்னு எழுதுனீங்கண்ணே. கை தானா போட்டுருச்சு."

லீவில் போய்த் திரும்பாதவர்கள் அத்தனை பேரும் வாட்ஸ்அப்பைப் பழைய துபாய் நம்பரிலேயே வைத்திருந்தார்கள். அடுத்தடுத்து எடுத்த எட்டுப் பேரும் சாயல்குடி, மானாமதுரை, கமுதி என்று ஊரிலிருந்தே பேசினார்கள். எல்லோரும் முதலில் கேட்டது, "போட்டி ஆரம்பிச்சாச்சாண்ணே?"

பன்னீர்செல்வம் காதோடு சொன்னார். "அண்ணே, கீழ மெஸ்ல முப்பது பேரு நிக்கிறான். கூட்டியாரவா? பாய் வந்துட்டுப் போற வரைக்கும் உக்காரட்டும்."

வீரபாண்டி யோசித்தார். யோசிக்கவில்லை என்று பிறகு சாதித்தாலும், ஒரு நிமிடம் யோசித்ததைப் பன்னீர்செல்வம் பார்த்தார்.

"வேணாம்ப்பா. ஆட வராதவனைப் புடிச்சு உக்கார வச்சா அது மன்றம் இல்லை, கம்பெனி பஸ்."

காதர் மைதீன் உள்ளே வந்து தலைகளை எண்ணவில்லை. எண்ணுகிற அளவுக்கு இல்லை. அறுபது கப் டீயைப் பார்த்தார்.

"ஏழு பேருதான் பாய்," என்றார் வீரபாண்டி. "கட்டை விரல் போட்ட மிச்சப் பேரெல்லாம் ஊர்லேர்ந்து வந்துக்கிட்டு இருக்கான்."

"நீந்தியா வர்றான்?"

எல்லோரும் சிரித்தார்கள். வீரபாண்டிதான் அதிகம் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. இரண்டாவது போர்டில் ஒரு ஆள் குறைந்ததால் காதர் மைதீன் உட்கார்ந்தார். கீழக்கரைக்காரர், நன்றாக ஆடினார். சிவப்புக் காயைப் போட்டு, அதற்கு ஃபாலோ காயும் போட்டுவிட்டு எழுந்தவர், மெதுவாகச் சொன்னார்: "திங்கட்கிழமை கட்டில் வந்துரும்யா. என் கையில ஒண்ணும் இல்லை."

"சரி பாய். எட்டுப் பேருல ஏழு பேரைப் போடுங்க. எட்டாவது நான்."

"கிறுக்கா உமக்கு? கீழ நல்லா ஜன்னலோரமா கட்டில் இருக்கு. அதை விட்டுட்டா?"

"கட்டிலுக்கு அடியில உள்ள எடம் அவனவனுக்குச் சொந்தம்னு நோட்டீஸ் ஒட்டுனது நீங்கதானே? பெட்டிதான் வைக்கணும்னு அதுல இல்லையே."

காதர் மைதீன் போர்டின் அகலத்தைக் கையால் அளந்து பார்த்தார். "நாலு போர்டும் போகாதுய்யா."

"ஒண்ணு போதும்."

மூன்று போர்டுகள் அன்றே பக்கத்து கேம்ப்புகளுக்குப் போயின. வீரபாண்டியின் பெட்டி பன்னீர்செல்வத்தின் ரூமுக்குப் போனது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து மனைவி மீனாம்பாள் போனில் பிடித்துக்கொண்டார். "முட்டி வலிங்கிறீக, இப்ப எதுக்கு மாடி ரூமு? கூட யாரு?"

"நேபாளிக நாலு பேரு, பீகார்க்காரய்ங்க மூணு பேரு. பேச்சு பாதி வெளங்கலை."

"கேரமாவது தெரியுமா அவுகளுக்கு?"

"ரெண்டு பேருக்குத் தெரியுது. ஒருத்தன் ஸ்ட்ரைக்கர் குழியில விழுந்தாலும் ஃபைன் காய் வைக்கவே மாட்டேங்கிறான். அவுங்க ஊர்ல ரூல் வேறயாம். நாலு நாளா இதே சண்டை."

இரண்டு கட்டில்களுக்கு நடுவே, கவிழ்த்த பக்கெட்டின் மேல் போர்டு தயாராக இருந்தது. பன்னீர்செல்வமும் வந்து உட்கார்ந்தாயிற்று. நேபாளி ஒருவன் வீரபாண்டியின் சட்டையைப் பிடித்து இழுத்தான். "சாச்சா, ஜல்தி! உங்க டர்ன்!"

"வைக்கிறேன் மீனா," என்றார் வீரபாண்டி. "இவனை விட்டா என் காயையும் சேத்துப் போட்டுருவான்."